பாப்பிங்குக்கு ஒரே ஒரு தூண்டில் கோல் வாங்கலாம் என்றால்: பி.இ. 8-ஆ, 10-ஆ, 12-ஆ?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். 3 ஆண்டுகளாகப் படகிலிருந்து ஜிக்கிங் (கனமான உலோக இரையை ஆழத்தில் இறக்கி, மேலும் கீழும் இழுத்து மீன் பிடிப்பது) செய்துவரும் நீங்கள் முதன்முறையாக ஒரு பவளத்திட்டுப் பகுதியில் ஒரு வாரம் பாப்பிங் (பாப்பர் என்ற மிதக்கும் செயற்கை இரையை எறிந்து, நீர்ப்பரப்பில் சத்தமெழும்படி இழுத்து மீன் பிடிப்பது) செய்யப் போகிறீர்கள். ஜி.டி. எனப்படும் ஜயண்ட் ட்ரெவாலிதான் முதல் இலக்கு. சூரை மேலே வந்தால் அதையும் பிடிக்க வேண்டும். உங்கள் எடை 65 கிலோ. ஒரு கோல், ஒரு ரீலுக்குத்தான் வசதி இருக்கிறது. "பெரிய மீன் என்பதால் பி.இ. 12 வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லைதானே, அல்லது 8 அல்லது 10 போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (பி.இ. எண் பின்னல் நூலின் தடிமனைக் குறிப்பது; கோலின் மேலும் அதையே எழுதுகிறார்கள்.) எண்ணைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது வேறொரு கேள்வி என்று நினைக்கிறேன்: கிடைக்கப்போகும் ஓரிரு வாய்ப்புகளில் மீன் அறுத்துக்கொண்டு போகாமல் இருக்க என்ன கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் 14 ஆண்டுகளாக பாப்பிங் செய்கிறேன். அதில் பெரும்பகுதி மற்றவர்களைப் படகில் அழைத்துச் செல்லும் வேலையாகவே கழிந்தது. ஆகவே என் கையில் இருந்த கோல்களைவிட, மற்றவர்கள் கையில் முறிந்த கோல்களையும் அறுந்த நூல்களையும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன். மீனின் எடையிலிருந்து தொடங்கிக் கோலைத் தேர்ந்தெடுத்தால் தவறான கோலில்தான் போய் நிற்போம். எறியப்போகும் பாப்பரின் எடை, எறியப்போகும் உடல், மீனுக்கு அடியில் இருக்கும் தரை, இந்த மூன்றிலிருந்தும் தொடங்க வேண்டும்; மீனின் எடை அதற்கப்புறம்தான் வருகிறது.

இது விநோதமாகத் தோன்றலாம். மீன்பிடி விளையாட்டின் உலகச் சாதனைகளைப் பதியும் ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பின் பதிவேட்டில் உள்ள மிகப் பெரிய ஜி.டி., 2006-இல் ஜப்பானின் டோகாரா தீவுப் பகுதியில் பிடிபட்ட 72.8 கிலோ மீன். ஆனால் அவ்வளவு பெரிய மீனும் தண்ணீருக்குள் 72.8 கிலோவாகத் தொங்குவதில்லை. மீனின் உடல் தண்ணீரில் ஏறக்குறைய மிதக்கும் எடையிலேயே இருக்கிறது. நாம் எதிர்க்க வேண்டியது அதன் எடையை அல்ல, அது ஓடும் வேகத்தையும், அது ஓடிச் சேர விரும்பும் பவளத்திட்டின் விளிம்புக்கு உள்ள தூரத்தையும்தான். 20 மீட்டர் ஆழத்தில், திட்டின் விளிம்பிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் கவ்விய 25 கிலோ மீனுக்குத் தேவைப்படும் பலம், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள திறந்த கடலில் கவ்விய 40 கிலோ சூரைக்குத் தேவைப்படுவதைவிட அதிகம். சூரையை 200 மீட்டர் ஓடவிட்டாலும் நூலை அறுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஜி.டி.யை 15 மீட்டர் ஓடவிட்டால் பவளத்தின் முனை நூலில் உரசும். அந்த நிமிடத்தில் 8-க்கும் 12-க்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. இழுவிசையில் நிற்கும் பின்னல் நூல் பவளத்தில் பட்டால் எந்தத் தடிமனிலும் அறுந்துவிடும்.

இப்போது அந்த எண்களைப் பற்றி. பி.இ. என்பது பாலிஎத்திலீன் என்ற இழையைக் குறிக்கிறது. அதையொட்டிய எண் ஜப்பானிய நூல் அளவு முறையில் வருவது. அது வலிமையை அல்ல, தடிமனைச் சொல்லும் எண். 1-ஆம் எண் 200 டெனியர் (இழையின் கனத்தைச் சொல்லும் அலகு), ஏறக்குறைய 0.165 மி.மீ. விட்டம். எண் கூடும்போது நூலில் உள்ள இழையின் அளவு அதே விகிதத்தில் கூடுகிறது, விட்டம் அதன் வர்க்கமூலத்தில் கூடுகிறது. எனவே பி.இ. 4 சுமார் 0.33 மி.மீ., 6 சுமார் 0.40, 8 சுமார் 0.47, 10 சுமார் 0.52, 12 சுமார் 0.57 மி.மீ. வலிமை இழையின் தரத்தையும் பின்னலையும் பொறுத்தது என்பதால், ஒரே பி.இ. 8 என்று எழுதியிருக்கும் இரண்டு நூல்களில் ஒன்று 80 பவுண்டு என்றும் மற்றொன்று 110 பவுண்டுக்கு மேலும் போட்டிருப்பதைக் காணலாம். எண்ணுக்கு 10 பவுண்டு என்று மனக்கணக்குப் போடுவது பழக்கத்தில் உள்ளது. கடைக்குப் போகும்போது அது உதவும், ஆனால் டிராக்கை, அதாவது மீன் எவ்வளவு விசையில் இழுத்தால் ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் என்ற அமைப்பை, அதை நம்பி வைக்கக் கூடாது. பவுண்டு மட்டும் எழுதி பி.இ. எண் போடாத நூல்களை வாங்கினால் விட்டத்தைப் பாருங்கள். உங்கள் கோலின் வளையங்களுக்கும், ரீலில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலுக்கும் விட்டம்தான் தெரியும், பவுண்டு தெரியாது.

கோலின் மேல் எழுதியிருக்கும் பி.இ. எண் இதைவிட நெகிழ்வானது. நூலுக்காவது ஒரு அளவுமுறை உண்டு; கோலுக்கு அப்படிப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் பி.இ. 8 கோல் மற்றொருவரின் பி.இ. 10 கோலைவிட விறைப்பாக இருப்பதை நான் பலமுறை கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். சிலர் அதோடு "அதிகபட்ச டிராக் 15 கிலோ" என்றும் போடுகிறார்கள். எந்தக் கோணத்தில் பிடித்து அளந்தது என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் குறைவு. கோலில் நான் முதலில் படிப்பது, எறியும் எடை என்று கொடுக்கப்பட்டிருக்கும் கிராம் அளவைத்தான். அது ஓரளவு நேர்மையாகவே எழுதப்படுகிறது, ஏனென்றால் வாங்கியவர் முதல் எறிதலிலேயே அதைச் சோதித்துவிடுகிறார்.

உங்கள் பெட்டியில் என்னென்ன பாப்பர்கள் இருக்கப்போகின்றன என்று யோசியுங்கள். ஜி.டி.க்குப் பயன்படும் குழிமுகப் பாப்பர்கள் பெரும்பாலும் 100 முதல் 200 கிராம் வரை. 120 கிராம் பாப்பரில் நல்ல சத்தமும் வரும், நாள் முழுக்க எறியவும் முடியும். அலை கிளர்ந்திருக்கும் நாளிலோ ஆழமான விளிம்புகளிலோதான் 180, 200 கிராம் தேவைப்படுகிறது. சூரைக்கோ 60 முதல் 100 கிராம் வரையிலான மிதக்கும், மூழ்கும் ஸ்டிக்பெய்ட்டுகளே (குழிமுகம் இல்லாத ஒல்லியான செயற்கை இரைகள்) அதிகம் பயன்படும். கோலில் "அதிகபட்சம் 150 கிராம்" என்று போட்டிருந்தால், அதன் வளைவு முழுமையாக வேலை செய்வது 100 முதல் 120 கிராம் வரையில்தான் என்பது என் அனுபவக் கணக்கு. 200 கிராமுக்கென்று செய்த பி.இ. 12 கோலில் 90 கிராம் பாப்பரைக் கட்டினால் கோல் வளையவே வளையாது; தோள்தான் எறியும், தூரம் வராது, அடுத்த நாள் கை தூக்க முடியாது.

வீசியபின் பாப்பரை இயக்குவதிலும் இதே சிக்கல் உண்டு. நுனி அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால், கோலை வலித்து இழுக்கும்போது பாப்பர் தண்ணீரைக் குடையாமல் மேலே துள்ளிப் புரண்டுவிடுகிறது. கொக்கி லீடரில் (பின்னல் நூலுக்கும் பாப்பருக்கும் இடையில் கட்டும் தடித்த நரம்பு) மாட்டிக்கொள்ளும். நுனி அளவுக்கு மீறி மெலிந்தால், நீங்கள் இழுத்த வேகம் முழுவதையும் கோலே விழுங்கிவிட்டு, பாப்பர் சோம்பலாக ஒரு குமிழி மட்டும் விடும். நல்ல கோலில் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மெல்ல இசைந்து கொடுத்து, அதற்குக் கீழே கெட்டியாக நிற்கும். கோலைப் பக்கவாட்டில் கீழ்நோக்கி வைத்து, இடுப்பைத் திருப்பி ஒரே இழுப்பாக இழுத்தால், "ப்ளூப்" என்று அடிவயிற்றில் உணரக்கூடிய ஒரு சத்தத்தோடு வெள்ளை நுரைக் கயிறு ஒன்று பாப்பருக்குப் பின்னால் நீள வேண்டும். அந்தச் சத்தம் வரும் கோல்தான் உங்கள் பாப்பருக்கு ஏற்ற கோல். தளர்ந்த நூலைச் சுற்றிவிட்டு அடுத்த இழுப்புக்கு முன் ஓரிரு நொடி நிறுத்துவதும் முக்கியம்; பல மீன்கள் அந்த நிறுத்தத்தில்தான் கவ்வுகின்றன.

உடலைப் பற்றிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் அக்கறை கூடுதல், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 8 அடி 3 அங்குலக் கோல் சுமார் 2.5 மீட்டர் நீளம். மீன் படகுக்கு நேர் கீழே இருக்கிறது, நூல் செங்குத்தாக இறங்குகிறது, கோல் நன்றாக வளைந்திருக்கிறது, அடிமுனையிலிருந்து நுனிக்குக் கிடைமட்டத் தூரம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்கை அடிமுனையிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்திருக்கிறது. டிராக் 10 கிலோ என்றால் முன்கை தாங்க வேண்டியது 10-ஐ 1.5-ஆல் பெருக்கி 0.6-ஆல் வகுத்தது, அதாவது 25 கிலோ. டிராக்கை 15 ஆக்கினால் 37.5 கிலோ. ஆடும் படகில், ஈரத் தரையில், 65 கிலோ உடலோடு நின்று, ஒரு கையால் அந்த விசையை நிமிடக்கணக்கில் தாங்குவது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். அதே 10 கிலோ டிராக்கில், வளைவு அதிகமான அல்லது குட்டையான கோலில் அந்த 1.5 மீட்டர் 1.2 ஆகக் குறைந்தால் முன்கைச் சுமை 20 கிலோ ஆகிறது. வேறு சொற்களில் சொன்னால், விறைப்பான நீளக் கோல் மீனைவிட உங்களைத்தான் முதலில் களைக்கவைக்கும்.

என்னோடு ஒருமுறை வந்தவர் உடல் வலுவுள்ளவர், பி.இ. 12 கோலும் 200 கிராம் பாப்பரும் மட்டுமே கொண்டுவந்திருந்தார். காலை 7 மணிக்கு எறியத் தொடங்கினார். 10 மணிக்குள் எறிதலின் தூரம் பாதியாகிவிட்டது. 11 மணிக்கு அமர்ந்துவிட்டார். மதியத்துக்கு மேல் நீரோட்டம் திரும்பியபோது திட்டின் விளிம்பில் மீன்கள் மேலே வந்தன. நான்கு பேர் எறிந்துகொண்டிருந்தார்கள், அவரால் கையைத் தலைக்கு மேல் உயர்த்தவே முடியவில்லை. பாப்பிங்கில் மீனைக் கொண்டுவருவது எறிதல்களின் எண்ணிக்கை. ஒரு நாளில் 200 முறை எறியக்கூடிய கருவி, 60 முறை மட்டும் எறியக்கூடிய பலமான கருவியைவிட எப்போதும் மேல்.

இதையெல்லாம் வைத்து, உங்கள் நிலைமைக்கு என் பரிந்துரையைச் சொல்லிவிடுகிறேன். கோல் 7 அடி 10 அங்குலத்துக்கும் 8 அடி 2 அங்குலத்துக்கும் இடையில், பி.இ. 8 என்று குறித்தது. எறியும் எடை 150 கிராம் வரை, ஆனால் 80 கிராமையும் எறியக்கூடிய அளவுக்கு நுனி இசைவானது. கோலின் எடை 450 கிராமுக்கு மேல் போகாதது. நூல் பி.இ. 8, குறைந்தது 300 மீட்டர். லீடர் 170 பவுண்டுக்குக் குறையாத நைலான் நரம்பு. ரீல், இந்த நூலை 300 மீட்டர் கொள்ளும்படி, 18000 என்று அளவெண் போட்டது. ஷிமானோ ஸ்டெல்லா எஸ்.டபிள்யூ., டைவா சால்டிகா போன்ற வரிசைகளில் இந்த அளவு கிடைக்கிறது, ஆனால் ஜிக்கிங்குக்கு நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் ரீல் இதே அளவில் இருந்து டிராக் தடங்கலின்றி ஓடினால் அதையே பயன்படுத்துங்கள், பணத்தைக் கோலில் போடுங்கள். இந்த ஒரே தொகுப்பில் ஜி.டி.யை எதிர்கொள்ளலாம், சூரைக்குச் சற்றுத் தடிமனாக இருந்தாலும் வேலை செய்யும். சூரை மட்டுமே இலக்கு என்றிருந்தால் பி.இ. 6, 7 அடி 6 அங்குலம் என்று சொல்லியிருப்பேன். பி.இ. 10-ஐ, 15 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில், திட்டின்மேலேயே எறியும் இடங்களுக்கு, தோள் பழகியவர்களுக்குச் சொல்வேன். பி.இ. 12-ஐ முதல் பயணத்துக்கு யாருக்கும் நான் சொன்னதில்லை.

நூலின் வலிமையில் எவ்வளவைப் பயன்படுத்துவது என்பது அடுத்தது. பி.இ. 8 நூல் 100 பவுண்டு என்றால் சுமார் 45 கிலோ. அதில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 11 முதல் 15 கிலோ வரை டிராக்குக்கு வைக்கலாம் என்பது பலரும் பின்பற்றும் வரம்பு. மீதியை வீணாக விடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். முடிச்சு கொஞ்சம் தின்கிறது, பழைய நூலின் தேய்மானம் கொஞ்சம் தின்கிறது, கோல் வளையும்போது வளையங்களில் ஏற்படும் உராய்வு டிராக்கின் மேல் கூடுகிறது. இவற்றோடு பலரும் மறந்துவிடும் ஒன்றும் உண்டு: நூல் ஓட ஓட ஸ்பூலில் நூல் குறைந்து ஆரம் சுருங்குகிறது, டிராக் திருகை நீங்கள் தொடாவிட்டாலும் இழுவிசை கூடிக்கொண்டே போகிறது. நிறைந்த ஸ்பூலின் ஆரம் 3.5 செ.மீ. என்றும் ஓட்டத்துக்குப் பின் 2.8 செ.மீ. என்றும் கொண்டால், 10 கிலோவாக வைத்த டிராக் 12.5 கிலோவாகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மீனின் மேல் டிராக்கை மேலும் இறுக்குகிறவர்கள் நூலை அறுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். பழகிய கைகளும் தவறுகின்றன. சுருள்வில் தராசு ஒன்றை ஒரு கம்பத்தின் அடியில் கட்டி, அதில் நூலை மாட்டி, 10 மீட்டர் தள்ளி நின்று, கோலை மீன் பிடிக்கும் நிலையிலேயே வளைத்து இழுங்கள். நூல் வெளியேறத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டுவதுதான் உங்கள் உண்மையான டிராக். 6 கிலோவில் தொடங்கி ஒவ்வொரு கிலோவாகக் கூட்டி, இரண்டு நிமிடம் நிலைகுலையாமல் நிற்கக்கூடிய அளவு எதுவென்று கண்டுபிடியுங்கள். 65 கிலோ எடையுள்ள, பழக்கமில்லாத பலருக்கு அது 8 அல்லது 9 கிலோவில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் பி.இ. 10-ம் 12-ம் உங்களுக்குத் தரக்கூடிய கூடுதல் பலத்தை உங்களால் தொடக்கூட முடியாது. கூடுதல் தடிமனின் காற்றுத்தடையை மட்டும் ஒவ்வொரு எறிதலிலும் சுமப்பீர்கள்.

கோல் முறிவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. கார்பன் கோல் இழுவிசையில் மிக வலுவானது. ஆனால் அது உள்ளீடற்ற குழாய். அளவுக்கு மீறி வளையும்போது உட்புறம் அமுங்கி, வட்டமான குழாய் நீள்வட்டமாகித் தட்டையாகிறது, அங்கே முறிகிறது. கோலைத் தாழ்வாக, கிடைக்கோட்டிலிருந்து 45 பாகைக்குள் பிடித்தால் விசை தடித்த அடிப்பகுதிக்குப் போகிறது. கோலை நிமிர்த்தி வானத்தைப் பார்க்க வைத்தால், அதே விசை முழுவதும் மெல்லிய மேற்பகுதியில் குவிகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் கையிலேயே இது நடந்தது. மீன் படகின் ஓரத்துக்கு வந்துவிட்டது. வெள்ளி நிறப் பக்கவாட்டையும் கறுத்த துடுப்பையும் பார்த்த பரபரப்பில் ஒரு அடி பின்வாங்காமல் கோலை நேராக மேலே தூக்கினேன். மீன் படகுக்கு அடியில் திரும்பிய அந்த அரை நொடியில், துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தத்துடன் மேலிருந்து மூன்றாவது வளையத்துக்கு அருகே கோல் முறிந்தது. அது கோலின் குறை அல்ல. மீன் அருகில் வந்ததும் கோலைத் தாழ்த்தி, பின்வாங்கி நின்று, லீடரை உதவியாளர் கையில் கொடுப்பதே முறை என்பதை அன்றிலிருந்து படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மீன் மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

வளையங்களைப் பற்றிச் சுருக்கமாக: சிலிக்கன் கார்பைடு உள்வளையம், நூல் சிக்கினால் தானே நழுவிவிடும்படி முன்னோக்கிச் சாய்ந்த சட்டம், லீடர் முடிச்சு தட்டாமல் போகும் அகலமான நுனிவளையம், இவை மூன்றும் இருந்தால் போதும். பழைய கோல் வாங்குவதாக இருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சின் இழை அங்கே பற்றிக்கொள்ளும். அந்த விரிசல் ஒரே நாளில் புதுப் பின்னல் நூலைச் சீவிவிடும்.

லீடரில் நைலானா ஃப்ளூரோகார்பனா என்று கேட்பீர்கள். பாப்பிங்குக்கு நான் நைலானையே கட்டுகிறேன்: அது நீள்கிறது, கவ்வும் அதிர்ச்சியைத் தாங்குகிறது, ஃப்ளூரோகார்பனைவிட மிதப்புத் தன்மை உடையதால் பாப்பரின் மூக்கைக் கீழே இழுப்பதில்லை. பின்னல் நூலோடு இணைக்க எஃப்.ஜி. முடிச்சை நம்புகிறேன். அது நரம்பைச் சுற்றிப் பிடிக்கும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், வளையத்தில் தட்டாத அளவுக்கு ஒல்லியாக இருக்கும். 20 சுற்றுக்குக் குறையாமல் சுற்றி, ஈரமாக்கி, கையுறை போட்டு, முழு பலத்தோடு இறுக்கிய பிறகே மிச்சத்தை வெட்டுங்கள். சரியாக இறுகியதும் பின்னலின் நிறம் சற்று இருண்டு, நரம்புக்குள் பதிந்ததுபோலத் தெரியும். அப்படி நிறம் மாறாத முடிச்சை நான் வெட்டி மறுபடி போடுகிறேன், நேரம் எவ்வளவு ஆனாலும். படகில் எறிவதற்கு முடிச்சு நுனிவளையத்துக்கு வெளியே நிற்கும்படி 2 மீட்டருக்குள் லீடர் போதும். எறியும்போது சுட்டுவிரலுக்குத் தோலுறை கட்டாயம், 0.47 மி.மீ. பின்னல் நூல் 120 கிராம் பாப்பரின் வேகத்தோடு விரலைவிட்டுப் போகும்போது தோலைக் கிழித்துவிடும். கண்ணாடியும் அப்படித்தான்: பக்கத்தில் எறிபவரின் கொக்கிக்கு நம் கண் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அளவுக்கு மீறி மெல்லிய கருவியையும் நான் ஆதரிக்காததற்கு ஒரு காரணம் மீனின் நலம். ஜி.டி.யைப் பெரும்பாலோர் திரும்ப விட்டுவிடுகிறார்கள். மெல்லிய நூலில் 40 நிமிடம் போராடி வந்த மீனை விட்டாலும், களைத்துப்போன அந்த உடலைச் சுறா எடுத்துக்கொள்ளக்கூடும். 8 நிமிடத்தில் படகுக்கு வந்த மீன் வாலை உதறிக்கொண்டு போகிறது. எனவே பி.இ. 8-க்குக் கீழே திட்டின் அருகில் இறங்க வேண்டாம் என்று சொல்கிறேன். மூன்றுமுனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, முள்ளை நசுக்கிய ஒற்றைக் கொக்கிகளைப் போடுங்கள். தவறவிடும் மீன்கள் சற்றுக் கூடலாம், ஆனால் கொக்கியை ஒரே கையசைப்பில் கழற்ற முடியும், மீனின் கண்ணும் செவுளும் தப்பும்.

இதுவரை சொன்னவற்றில் எடை, விட்டம், நெம்புகோல், ஸ்பூலின் ஆரம் ஆகியவை கணக்கில் வருபவை. அவற்றை நீங்களே சரிபார்க்கலாம். எந்த எறியும் எடை கோலுக்கு இதமானது, எத்தனை பங்கு டிராக் வைப்பது, எந்த நீளம் நல்லது என்பவை அனுபவத்திலிருந்து வந்த கருத்துகள். என்னைப் போலவே பல ஆண்டு கடலில் இருந்தவர்கள் 8 அடி 6 அங்குலத்தை விரும்புவார்கள், அவர்களிடமும் நியாயம் உண்டு, தூரம் அதிகம் வரும். 8 இழைப் பின்னலைவிட 12 இழைப் பின்னல் மேலானதா, நூலின் நிறம் மீனுக்கு ஒரு பொருட்டா என்பவற்றில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் அவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில்லை. என் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். நான் படகு ஆள். செங்குத்தான கரைப்பாறைகளில் நின்று எறிந்தது மிகக் குறைவு. அங்கே 9, 10 அடிக் கோலும் பி.இ. 10-ம் நீண்ட லீடரும் பயன்படுத்துகிறார்கள், அலை நுரைக்கு மேலாக நூலைத் தூக்கிப்பிடிக்க வேண்டும் என்பதால் அதில் பொருள் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போவதாக இருந்தால் கரையிலேயே பழகிய ஒருவரைக் கேளுங்கள். 50 கிலோவைத் தாண்டிய ஜி.டி.யை என் படகில் நான் இன்னும் தொட்டதில்லை. அந்த அளவு மீனைக் குறிவைத்துப் போகிறவர்களுக்கு நான் சொன்னது போதாமல் இருக்கலாம்.

நூலை ஸ்பூலில் ஏற்றும் விதத்தில் கவனம் தேவை. தளர்வாக ஏற்றினால் மீன் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து, ஓட்டத்தின் நடுவில் சிக்கி அறுகிறது. நூலை நனைத்து, ஒருவர் ஈரத்துணியால் 4, 5 கிலோ விசையில் பிடித்துக்கொள்ள மற்றவர் சுற்ற வேண்டும். 300 மீட்டர் ஏற்ற அரை மணி நேரம் ஆகும், அது வீணல்ல. ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். ஒவ்வொரு நாள் மாலையும் முதல் 10 மீட்டரை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போடுங்கள்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே கோல் கைக்கு வந்துவிட்டால் ஒன்று செய்யுங்கள். 120 கிராம் பாப்பரில் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத திறந்த நீர்ப்பரப்பில் எறியத் தொடங்குங்கள். இரண்டு கையாலும், இடுப்பைத் திருப்பி, அடிக்கையால் இழுத்து எறியுங்கள். தோளால் மட்டும் எறியாதீர்கள். எறிதல்களை எண்ணுங்கள். தூரம் வெளிப்படையாகக் குறையத் தொடங்கும் எண் எதுவோ அதைக் குறித்துவையுங்கள். இரண்டு வாரப் பயிற்சிக்குப் பின்னும் அந்த எண் 80-ஐத் தாண்டவில்லை என்றால், பாப்பரை 90 கிராமுக்குக் குறையுங்கள். அதன் பிறகும் தாண்டவில்லை என்றால், பி.இ. 6 கோலுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கடையில் கேளுங்கள், பயணத்தின்போது திட்டின் விளிம்பை விட்டுச் சற்று ஆழமான பக்கமாகப் படகை நிறுத்தச் சொல்லுங்கள்.